ஆற்றங்கரை ஊர்களுக்கு ஒரு மருத்துவ ஊழியப் பயணம்: கொழும்புத் திருச்சபைக் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் யாராவது ஒருவர் "நாங்களும் ஒரு மருத்துவ முகாம் வைக்கலாமே" என்று பேச்சைத் தொடங்கினால், அடுத்த அரை மணி நேரத்தில் வாகனமும் மருந்துக்கான பணமும் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலும் தயாராகிவிடும். எந்த ஊர், என்ன தேவை, அங்கே ஏற்கெனவே யார் வேலை செய்கிறார்கள் என்ற கேள்விகள் கடைசியாகத்தான் வரும், சில வேளை வராமலும் போகும். அந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டுதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நாம் ஏறிய தோணி மறுகரை சேர்ந்த பிறகு அந்த ஊரில் என்ன மிஞ்சும் என்ற ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் தீர்மானிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பவை மகாவலியின் கடைமடை ஊர்கள். 335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலி கங்கை திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அதற்கு முன்பே பிரிந்துபோகும் அதன் கிளையே வெருகல் ஆறு. 2009 இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலமும், மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் பாதைகள் (ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவைப் படகுகள்) ஓடிய துறைகளில் இப்போது நிற்கும் பாலங்களும் பெரிய ஊர்களை இணைத்துவிட்டன. ஆனால் பெரிய வீதியிலிருந்து விலகிய வயல் குடியிருப்புகளுக்கும், வில்லுகளுக்கு (ஆற்றோரச் சதுப்பு நீர்நிலைகளுக்கு) நடுவே மேட்டு நிலங்களில் இருக்கும் வீடுகளுக்கும் போக இன்றும் தோணியோ உழவு இயந்திரமோ தேவைப்படுகிறது. தமிழரும் முஸ்லிம்களும் கடலோர வேடர் சமூகத்தினரும் அருகருகே வாழும் நிலம் இது என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

முதற்படி: ஊரையும் மாதத்தையும் தெரிவு செய்தல்

ஊரைத் தெரிவு செய்வதற்கு முன்பு இருவர் மட்டும் ஒரு முறை நேரில் போய் வர வேண்டும். தொலைபேசியில் கேட்டால் "வாங்க, எல்லாம் ஆயத்தம்" என்றுதான் பதில் வரும். அது அன்பினால் சொல்லப்படும் பதிலே அன்றித் தகவல் அல்ல. நேரில் போகிறவர்கள் அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை (வீடு வீடாகப் போகும் அரச மருத்துவிச்சியை) சந்தித்து, கர்ப்பிணிகள் எத்தனை பேர், கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகாத நீரிழிவு நோயாளர்கள் யார், கிளினிக் நாள் எது, அங்கே போக எவ்வளவு பணமும் நேரமும் செலவாகிறது என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். அந்த ஒரு மணி நேர உரையாடல், கொழும்பில் நடத்தும் பத்துக் குழுக் கூட்டங்களைவிடப் பயன் தரும்.

நவெம்பர் முதல் ஜனவரி வரையான வாடைக் காலத்தில் போகாதீர்கள். மகாவலியின் மேற்பகுதியில் பெய்யும் மழையும் கிழக்கில் பெய்யும் மழையும் ஒன்றாகச் சேரும் காலம் அது. வெள்ள நிவாரணத்துக்குப் போவதென்றால் அதற்கான ஆயத்தமும் அனுபவமும் வேறு. பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பாதை காய்ந்திருக்கும், ஆனால் ஊரில் ஆள் இருக்காது. அறுவடைக்குப் பின்போ, ஜூன் முதல் ஓகஸ்ட் வரையோ போவது நல்லது. கோயிலில் திருவிழாக் கொடி ஏறியிருக்கும் நாள்களையும், முஸ்லிம் ஊர் என்றால் வெள்ளிக்கிழமையையும் நோன்பு மாதத்தையும் தவிருங்கள்.

இரண்டாம் படி: அனுமதிகள்

பயணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே கடிதங்கள் போய்ச் சேர வேண்டும். முதற்கடிதம் அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அவர் ஊடாகப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் உரியது. பிரதேச செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதிகள் அனுப்ப வேண்டும். பாடசாலைக் கட்டடத்தைப் பயன்படுத்துவதாயின் அதிபரோடு வலயக் கல்விப் பணிமனையிடமும் கேட்க வேண்டும். கடிதத்தில் வைத்தியர்களின் பெயர், இலங்கை மருத்துவச் சபைப் பதிவிலக்கம், கொண்டுபோகும் மருந்துகளின் பட்டியல், கழிவுகளை அகற்றும் முறை, ஏற்பாடு செய்யும் திருச்சபையின் பெயர் ஆகிய அனைத்தும் இருக்கட்டும். "நலன்புரி அமைப்பு" என்று பொதுவாக எழுதிவிட்டு முகாமன்று சிலுவை பொறித்த சட்டையோடு போய் இறங்குவது நேர்மையும் அல்ல, புத்திசாலித்தனமும் அல்ல.

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள் வைத்தியர்களாக இருப்பது கொழும்பில் சாதாரணம். அங்கே எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், இலங்கை மருத்துவச் சபையின் பதிவோ தற்காலிகப் பதிவோ இல்லாமல் இங்கே நோயாளரைப் பார்க்கவோ மருந்து எழுதவோ முடியாது. மருத்துவ மாணவர்களுக்கும் அவ்வாறே. பிரஷர் பார்க்கவும் பெயர் பதியவும் அவர்கள் தாராளமாக உதவலாம்.

மூன்றாம் படி: குழு

பதினெட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். நான்கு வைத்தியர்கள், அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருப்பது கட்டாயம். மருந்தாளர் இருவர், தாதியர் நால்வர், பதிவுக்கும் வரிசைக்கும் ஆறு பேர், சமையலையும் சாமான்களையும் பார்த்துக்கொள்ள இருவர். பெண் வைத்தியர் இல்லாவிட்டால் வெள்ளைபடுதல், மாதவிடாய்க் கோளாறு, மார்பில் கட்டி போன்றவற்றைச் சொல்ல வந்தவர்கள் "தலையிடி" என்று சொல்லி இரண்டு பரசிற்றமோலோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மொழியைப் பற்றி ஒரு சொல். கொழும்பில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் மருத்துவத்தை ஆங்கிலத்தில் கற்றவர்கள். நோயாளர் "கை காலெல்லாம் உளைவு" (வலி), "முட்டு இழுக்குது" (மூச்சிழுப்பு), "சத்தி வருது" (வாந்தி), "நெஞ்சுக்குள்ள எரிவு" என்று சொல்லும்போது திகைக்கக் கூடாது. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்துத் தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். கடல் கடந்து வந்தவர் அவ்வளவு செய்திருக்க, வெருகலுக்குப் போகும் நாம் ஒரு மாலைப் பொழுது கூடியிருந்து ஐம்பது நோய்ச் சொற்களைப் பழகிக்கொள்வது பெரிய காரியம் அல்ல.

நான்காம் படி: மருந்துப் பெட்டி

பணம் அதிகம் வீணாவதும் தீங்கு அதிகம் விளைவதும் இந்தப் படியில்தான். எங்கள் குழுவின் முதற்பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நீரிழிவுக்கு வைத்தியசாலையில் கிளிக்லசைட் குளிசை எடுத்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு, அவர் கிளினிக் கொப்பியைக் கொண்டுவராததால், நாங்களும் வேறு வணிகப் பெயரில் அதே மருந்தை ஒரு மாதத்துக்குக் கொடுத்துவிட்டோம். ஒன்று வெள்ளை உறையில் வந்த "ஆசுப்பத்திரிக் குளிசை", மற்றது மினுங்கும் அட்டையில் வந்த "கொழும்புக் குளிசை". இரண்டும் நல்லதென்று இரண்டையும் விழுங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் சீனி இறங்கி மயங்கி விழுந்தவரை அயலவர்கள்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். குடும்பநல உத்தியோகத்தர் தொலைபேசியில் அதைச் சொன்ன தொனி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் கடைப்பிடிக்கும் விதி இது: நீரிழிவு, பிரஷர், இருதய நோய், வலிப்பு போன்ற நீண்டகால நோய்களுக்கு முகாமில் புதிய மருந்து தொடங்குவதில்லை, இருப்பதை மாற்றுவதுமில்லை. அளவைப் பார்த்து, கொப்பியில் எழுதி, கிளினிக்குக்கு அனுப்புவோம். வைத்தியசாலை மருந்து முடிந்து அடுத்த கிளினிக் நாள்வரை இடைவெளி விழுந்தவருக்கு மட்டும், கொப்பியில் உள்ள அதே மருந்தை அதே அளவில், அந்த நாள்வரை கொடுப்போம்.

ஆகவே பெட்டி சிறியதாகவே இருக்கும். பரசிற்றமோல் 500 மில்லிகிராம், சிறுவர்களுக்கான பாணி மருந்து, வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), பூச்சிக் குளிசை, சொறிக்குப் பென்சைல் பென்சோவேற், படர்தாமரைக்குக் குளோற்றிமசோல் களிம்பு, ஒவ்வாமைக் குளிசை, முட்டுக்குச் சல்பியூற்றமோல், காயம் கட்டும் பொருள்கள், முழு நாள்களுக்கும் கொடுக்கக்கூடிய அளவில் ஓரிரு நுண்ணுயிர்க்கொல்லிகள். இவற்றை அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கிளைகளிலோ பதிவுபெற்ற பாமசியிலோ பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். வெளிநாட்டு உறவினர்கள் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வரும் மருந்துகளை ஏற்காதீர்கள். மருந்து இறக்குமதி 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்துக்கு உட்பட்டது. சபையார் வீட்டு அலுமாரிகளில் மீந்த குளிசைகளும் வேண்டாம். நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுளாவது மீந்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை.

வலிக் குளிசை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயலில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் உளைவுக்குக் குளிசை கேட்பார்கள், டைக்ளோபெனக் கொடுத்தால் மகிழ்வார்கள். ஆனால் வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களையே தாக்கியது. சிறுநீரகத்தின் நிலை தெரியாமல், வெயிலில் நீரிழந்து வந்தவருக்கு அந்த வகைக் குளிசையைக் கட்டுக் கட்டாகக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல்காரருக்கு அறவே கூடாது, டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்குக்கு வழி திறந்துவிடும்.

வாசிப்புக் கண்ணாடிகளைக் கட்டாயம் கொண்டுபோங்கள். +1.00 முதல் +3.00 வரை நூறு சோடிகள். வலை பின்னுகிறவரும் அரிசியில் கல் பார்க்கிறவரும் கண்ணாடியைப் போட்டவுடன் முகத்தில் தோன்றும் வியப்பை, எந்தக் குளிசையும் தராது. பிரஷர் கருவிகள் நான்கு, குளுக்கோமீற்றர் இரண்டு, அவற்றின் பட்டிகள், ஊசிகளைப் போடும் கூர்ப்பொருள் பெட்டி ஆகியவையும் தேவை.

ஐந்தாம் படி: வழியும் தோணியும்

கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அங்கிருந்து கிண்ணியா, மூதூர் வழியாகத் தெற்கே போகலாம். ஹபரணையில் பிரிந்து பொலன்னறுவை, வாழைச்சேனை, வாகரை வழியாகவும் வெருகலை அடையலாம். எவ்வழியானாலும் ஹபரணைப் பகுதியை வெளிச்சத்தில் கடக்கும்படி விடிய நான்கு மணிக்குப் புறப்படுங்கள். இருட்டில் வீதிக்கு வரும் யானை, ஊழியக்காரரின் வாகனம் என்று பார்க்காது.

தோணிப் பயணத்தில் மூன்று விடயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, அதைக் கொழும்பிலிருந்தே கொண்டுபோக வேண்டும். ஏற்றும் ஆள்தொகையில் தோணிக்காரரின் சொல்லே முடிவு. வைத்தியர்களும் மருந்துகளும் ஒரே தோணியில் ஏறக் கூடாது. 2021 நவெம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அது கரை கண்ணுக்குத் தெரியும் நீர்ப்பரப்பு. மருந்துகளை மூடி இறுகும் பிளாஸ்டிக் பரல்களில் அடையுங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பிற்பகலில் நீர் கொந்தளிக்கும், ஆகவே போக்கு விடியற்காலையிலும் திரும்பல் தோணிக்காரர் குறிக்கும் நேரத்திலும் அமையட்டும். முதலை உள்ள ஆறு என்பதால் குழுவின் இளைஞர்கள் குளிக்க இறங்குவதை முன்கூட்டியே தடைசெய்யுங்கள்.

ஆறாம் படி: முகாம் நாள்

ஒரு நோயாளரை ஒழுங்காகப் பார்க்க எட்டு நிமிடங்களாவது வேண்டும். நான்கு வைத்தியர்கள் ஐந்து மணி நேரம் இருந்தால் 150 பேர். இளைப்பாறும் நேரத்தைக் கழித்தால் 130. அவ்வளவு இலக்கத் துண்டுகளே அச்சிடப்பட வேண்டும். திரும்பிவந்து "அறுநூறு பேருக்கு வைத்தியம் பார்த்தோம்" என்று சபையில் அறிக்கை வாசிக்கும் குழுக்கள் உண்மையில் எத்தனை பேரைப் பார்த்தன என்று எனக்கு எப்போதும் ஐயம் உண்டு. துண்டுகளை ஒரு வாரத்துக்கு முன்பே குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுத்துவிட்டால், உண்மையில் தேவையுள்ளவர்களுக்கு அவர் கொடுப்பார். இல்லையேல் துறைக்கு அருகில் வீடு உள்ளவர்களுக்கே எல்லாம் போய்ச் சேரும். துண்டின் பின்புறத்தில் "கிளினிக் கொப்பியையும் இப்போது எடுக்கும் குளிசைகளையும் கொண்டுவரவும்" என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

வரிசை இப்படிப் போகட்டும்: பதிவு, நிறையும் பிரஷரும் சீனியும் பார்க்கும் மேசை, வைத்தியர், மருந்து, கடைசியாக விளக்க மேசை. இந்தக் கடைசி மேசையைப் பல குழுக்கள் வைப்பதில்லை. அங்கே ஒரு தாதி மருந்தை வெளியே எடுத்துக் காட்டி, "அம்மா, இது எத்தனை தரம் எடுக்கோணும், சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டு, நோயாளரின் வாயாலேயே பதிலை வாங்க வேண்டும். உறையில் சூரியனும் நிலவும் வரைந்து, எழுத்தைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள்.

உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியவர்களை இனங்காண்பதே அன்றைய நாளின் முதன்மையான மருத்துவம். வயலில் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசைநோவும் கண் சிவப்பும் சிறுநீர் குறைவும் இருந்தால், எலிக்காய்ச்சல் என எண்ணி அன்றே அனுப்புங்கள். எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையை விவசாயிகளுக்குக் கொடுப்பது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொறுப்பு, அதை நாம் கையில் எடுக்கக் கூடாது. மலேரியா அற்ற நாடென 2016 இல் இலங்கை அறிவிக்கப்பட்டதால், அந்த நோயைப் பலர் நினைப்பதே இல்லை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்வந்தவரின் காய்ச்சலில் அதையும் நினைக்க வேண்டும். 180/110 இற்கு மேற்பட்ட பிரஷர், கர்ப்பிணியின் தலையிடியும் கால் வீக்கமும், நெஞ்சுநோ ஆகியவையும் அதே வகைதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் துறைவரைதான் வரும் என்பதால், துறைக்கு ஆளைக் கொண்டுபோக ஒரு தோணியை நாள் முழுவதும் ஒதுக்கி வையுங்கள். பாம்பு கடித்தவர் வந்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடித்த உறுப்பை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள வைத்தியசாலைக்கே அனுப்ப வேண்டும்.

நோயாளரைப் படம் எடுக்காதீர்கள். ஆயத்த வேலைகளையும் தோணியையும் எடுக்கலாம். உணவைக் குழுவே கொண்டுபோகட்டும், ஆனால் ஊரார் தரும் தேநீரை மறுக்காதீர்கள். கோயில் மண்டபத்தில் முகாம் நடந்தால் அன்று குழுவுக்கும் மரக்கறிச் சாப்பாடுதான்.

ஏழாம் படி: ஜெபம்

இதை எழுதும்போது சில போதகர்கள் என்னோடு உடன்படமாட்டார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஒருவர் தன் மதத்தைக் கடைப்பிடிக்கவும் வெளிப்படுத்தவும் உள்ள உரிமையை அரசியலமைப்பின் 10 ஆம், 14 ஆம் உறுப்புரைகள் காக்கின்றன. அதே நாட்டில்தான் 2004 இல் பலவந்த மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலமும் பாராளுமன்றத்துக்கு வந்தது. உதவியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற ஐயம் கிழக்கின் ஊர்களில் இன்றும் ஆழமாக இருக்கிறது, எல்லா வேளையிலும் அது ஆதாரமற்றதும் அல்ல.

ஆகவே குழுவின் ஜெபம் விடியற்காலையில், தங்குமிடத்தில் நடக்கட்டும். மருந்து உறையோடு கைப்பிரதி கொடுக்கக் கூடாது. வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பாட்டோ பிரசங்கமோ வேண்டாம். குளிசைக்காகக் காத்திருப்பவரால் எழுந்து போக முடியாது, எழுந்து போக முடியாதவருக்குச் சொல்லப்படுவது சுவிசேஷம் ஆகாது. யாராவது தாமாக "எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க, ஐயா" என்று கேட்டால், மருந்தை வாங்கி முடித்த பிறகு, ஒதுக்கமான இடத்தில், சுருக்கமாக ஜெபிக்கலாம். கேட்காதவரிடம் "ஜெபிக்கட்டுமா?" என்று வைத்தியர் கேட்பதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். வெள்ளைக் கோட்டு அணிந்தவருக்கு இல்லை என்று சொல்லும் துணிவு நம் ஊர்களில் எத்தனை பேருக்கு உண்டு? இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கியபோது ஒருவன் மட்டுமே நன்றி சொல்லத் திரும்பினான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேரின் சுகம் அதனால் திரும்பப் பெறப்படவில்லை.

எட்டாம் படி: திரும்பிய பின்

புறப்படுவதற்கு முன்பு ஊசிகளையும் இரத்தம் பட்ட பஞ்சுகளையும் முன்னரே ஒழுங்கு செய்த வைத்தியசாலையிடம் ஒப்படையுங்கள். ஊரில் புதைக்கவோ ஆற்றில் விடவோ கூடாது. மீந்த மருந்துகளைப் பட்டியலோடு திரும்பக் கொண்டுவாருங்கள். "வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாரிடமும் விட்டுவர வேண்டாம்.

மேற்படி பார்க்க அனுப்பியவர்களின் பட்டியலை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுங்கள், மற்றது குழுவில் பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும். பெயர், வயது, காரணம், போக வேண்டிய கிளினிக், திகதி என்ற ஐந்து நிரல்கள் போதும். அடுத்த முகாமுக்கென்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, இந்தப் பட்டியலில் உள்ளவர்கள் கிளினிக்குக்குப் போய்வரும் பேருந்து, தோணிக் கூலிக்கு மாற்றிவிடலாம். மூன்று வாரங்கள் கழித்து, அலுவலக நேரத்தில், அந்தப் பொறுப்பாளர் தொலைபேசியை எடுத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பட்டியலின் முதற்பெயரிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: "தங்கச்சி, அந்த ஐயா கிளினிக்குக்குப் போனவரா?"